‘பாட்டில் பாம்’ வாங்கப் போறீங்களா? வீட்டு வாசலில் வைக்கும் முன் உஷார்!

புது வீடு கட்டி பால் காய்ச்சிய கையோடு, கேட்டுக்கு இரண்டு பக்கமும் ‘பாட்டில் பாம்’ நடுவது இப்போது சகஜமாகி விட்டது. கல்யாண மண்டபம், காலேஜ், ஓட்டல் என்று எங்கு பார்த்தாலும் சிமெண்ட் தூண் மாதிரி வழுவழுவென்று இந்த மரம் நிற்கிறது.

ஆனால் ஒரே பெயரில் இரண்டு வகை மரங்கள் விற்பனையாகின்றன. இது தெரியாமல் வாங்கி வைத்து, பிறகு திண்டாடுகிறவர்கள் உண்டு.

ஒன்று ஒசரம், ஒன்று குட்டை

கல்யாண மண்டபங்களில் பார்ப்பது ‘ராயல் பாம்’. கியூபா, அமெரிக்காவின் புளோரிடா பகுதிகளைச் சேர்ந்தது. கியூபாவின் தேசிய மரமும் இதுதான். நல்ல மண்ணில் 60 முதல் 80 அடி வரை வளரும்.

நிஜமான பாட்டில் பாம் மொரீஷியஸ் பக்கத்தில் உள்ள ரவுண்ட் தீவைச் சேர்ந்தது. மெதுவாக வளரும். 10 அடி வரவே பல வருஷம் ஆகும்.

ராயல் பாமும் கன்றாக இருக்கும்போது அடி பெருத்து பாட்டில் மாதிரியே இருக்கும். அதனால்தான் இந்தக் குழப்பம். நிஜ பாட்டில் பாமில் நாலைந்து மட்டைதான் இருக்கும். அவை விறைப்பாக மேல்நோக்கி வளைந்து நிற்கும். ராயல் பாம் ஓலை இறகு போல நாலாபக்கமும் விரிந்து தொங்கும்.

தலையில் விழும் மட்டை

ராயல் பாம் மட்டை 10 அடிக்கு மேல் நீளம் இருக்கும். பழுத்த மட்டையை மரமே கழற்றி விடும். வளர்ந்த மரத்தில் சுமார் மாதம் ஒன்று விழும். ஒரு மட்டை 15 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். கீழே பைக் நின்றாலும், பிள்ளைகள் விளையாடினாலும் ஆபத்துதான்.

அதனால் சுவர், கரண்ட் கம்பி, வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றில் இருந்தும் குறைந்தது 15 அடியாவது தள்ளி நட வேண்டும். அந்த இடம் இல்லாதவர்கள் ராயல் பாம் பக்கமே போகக் கூடாது.

கொண்டையை வெட்டினால் காலி

கம்பியைத் தொடுகிறது என்று வேம்பு, புங்கன் மாதிரி நுனியை வெட்டி விடலாம் என நினைப்பது தப்பு. தென்னையைப் போலவே இதற்கும் ஒரே குருத்துதான். அதை வெட்டினால் பக்கக் கிளை வராது. மரம் செத்துவிடும். செத்த மரம் நாளாக நாளாக உளுத்து, காற்றுக்குச் சாயும்.

கம்பி அருகே உள்ள மட்டையை இரும்புத் தொரட்டியால் இழுப்பது உயிருக்கே உலை வைக்கும். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, லைனை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

நடும் முறை

3 அடிக்கு 3 அடி குழியில் செம்மண், மணல், மக்கிய எரு கலந்து நிரப்பி நடலாம். கழுத்து வரை புதைக்கக் கூடாது. மழை சீசனில் நட்டால் சீக்கிரம் வேர் பிடிக்கும். தண்ணீர் தேங்கி நிற்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

பச்சை மட்டைகளைக் கழித்து ‘ஷேப்’ செய்யத் தேவையில்லை. அடி மட்டையில் உள்ள சத்தைத்தான் புதுக் குருத்து இழுத்துக் கொள்கிறது. புதிதாக வரும் ஓலை சுருங்கிக் கருகினால் மாங்கனீசு சத்து குறைவாக இருக்கலாம். சுண்ணாம்புத் தன்மை உள்ள மண்ணில் இது அதிகம் வரும்.

தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டும் சிவப்பு கூன்வண்டும் இதையும் விடாது. மரத்தடியில் எருக்குப்பை சேர விடக் கூடாது.

சின்ன வாசலுக்கு எது?

ஒரு சென்ட், ரெண்டு சென்ட் இடத்தில் வீடு உள்ளவர்களுக்கு தொட்டியில் வளரும் ‘அரேக்கா பாம்’ போதும். கொத்தாக வளரும். வளர்ந்து விட்டாலும் ஒரு தண்டை அடியோடு எடுத்து விடலாம், மற்றவை நிற்கும். நிஜ பாட்டில் பாமும் வைக்கலாம்.

நர்சரியில் விலை கேட்பதற்கு முன், “இது எத்தனை அடி வளரும்?” என்று கேட்பது நல்லது. கன்று வாங்க ஆகும் காசை விட, வளர்ந்த மரத்தை ஆள் வைத்து இறக்க ஆகும் கூலிதான் அதிகம்.