ஊராட்சி மன்றமும் தோட்ட மக்களும்

ஊரார் கூடி ஊரை ஆளும் முறை தமிழர்க்குப் புதியதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) அதற்குத் தக்க சான்றாகும். ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்து, ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்தனர். கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் நெருங்கிய உறவினர்க்கும் வாரியத்தில் இடமில்லை. இவ்வளவும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தியே.

அதே கல்வெட்டில் பலரும் கருதாது விடும் விதி ஒன்று உண்டு. குடத்தில் பெயர் இடம் பெற வேண்டுமாயின், பொதுவாகக் கால் வேலிக்கு மேற்பட்ட, வரி செலுத்தும் நிலம் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு இருத்தல் வேண்டும். அதாவது, நிலமும் மனையும் உடையவனுக்கே ஊராட்சியில் வாயுண்டு. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்னும் பழமொழி வெறும் புலம்பலன்று. ஒரு காலத்துச் சட்டநிலையே அது எனலாம்.

இவ்விதியின் நிழல் ஆயிரம் ஆண்டு கடந்தும் மறையவில்லை. கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் மாவட்டத் தோட்டங்களில் சாலை குழியாய்க் கிடப்பதும், தெருவிளக்கு எரியாததும், வடிகால் அடைபட்டுக் கிடப்பதும் எவர் பொறுப்பு என்னும் வினா எழும்போதெல்லாம் அந்நிழல் தென்படுகிறது.

தோட்டத்துக்குத் தனிச்சட்டம்

மலாயாவில் இரப்பர்த் தோட்டம் தோன்றிய நாள் முதல் அது தனக்கெனத் தனி ஆட்சி உடைய ஓரூராகவே இருந்து வந்தது. வீடு, குடிநீர், மருந்தகம், பிள்ளைகள் காப்பகம் ஆகிய அனைத்தும் நிருவாகத்தின் கையில் இருந்தன. அரசாங்கம் தோட்டத்தைக் குடிமக்கள் வாழும் ஊராகப் பாராமல், வேலைத்தலமாகவே பார்த்தது. ஆதலால் தோட்ட மக்களின் வாழ்க்கை வசதி தொழிற்சட்டத்தின்கீழ் வந்ததே அன்றி ஊராட்சிச் சட்டத்தின்கீழ் வரவில்லை. இன்றும் 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டமே தோட்ட வீடுகளுக்கு அளவுகோல். அதன்படி வசதி செய்து தரவேண்டியவர் முதலாளி. அதைக் கண்காணிக்க வேண்டியது தொழில் இலாகா.

இதனால் விளைந்த இடர்ப்பாடு ஒன்று உண்டு. தோட்டத்துச் சாலை தனியார் நிலத்தில் உள்ளது. பொதுத்தெரு வேறு, தனியார் தெரு வேறு என 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் பிரித்துக் கூறுகிறது. பொதுப்பணத்தைத் தனியார் சாலையில் எங்ஙனம் செலவிடுவது என்று மன்றம் கேட்கிறது. இரப்பரை வெட்டிச் செம்பனையை நட்டுவிட்டோம், ஆட்களும் குறைந்துவிட்டனர், மேலும் எதற்குச் செலவு என்று நிருவாகம் எண்ணுகிறது. நடுவில் நிற்பவர் குடியிருப்போர்.

தேர்தல் வந்ததும் நின்றதும்

இந்நாட்டில் மக்கள் முதன்முதல் வாக்களித்தது நாடாளுமன்றத்துக்கு அன்று, ஊராட்சிக்கே. 1951ஆம் ஆண்டு திசம்பரில் ஜார்ஜ் டவுன் நகராண்மைக் கழகத் தேர்தலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர்த் தேர்தலும் நடைபெற்றன. பின்னாளில் நாட்டை ஆண்ட கூட்டணிக் கட்சியின் வித்து கோலாலம்பூர்த் தேர்தலிலேயே ஊன்றப்பட்டது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் புதுக்கிராமங்களில் ஊர் மன்றங்கள் அமைந்தன. அங்கும் மக்கள் வாக்களித்தனர். தனியார் நிலமாகிய தோட்டமோ இவ்வமைப்புக்குப் பெரும்பாலும் வெளியிலேயே நின்றது.

இந்தோனேசியாவுடன் மூண்ட மோதலைக் காரணமாகக் காட்டி, 1965 மார்ச் 1ஆம் நாள் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் ம.இ.கா. தலைவர்களுள் ஒருவரும் மேலவை உறுப்பினருமான ஆதி நாகப்பன் என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது. 1968இல் நிறைவுற்ற அவ்வறிக்கை, குறைகள் பல இருப்பினும் நியமன மன்றத்தினும் தேர்தல் மன்றமே மேல் என்னும் கருத்தினது. அரசாங்கம் வேறு வழி சென்றது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் தேர்தலை அறவே நீக்கியது.

இச்சட்டப்படி ஒரு மன்றத்துக்குத் தலைவருடன் 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர் இருப்பர். அவர்களை நியமிப்பது மாநில அரசு. பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படாது. அவர்களுள் பெரும்பாலோர் அவ்வட்டாரவாசிகளாக இருத்தல் வேண்டும். ஊராட்சியில் பழுத்த அனுபவம், தொழிலிலோ வணிகத்திலோ சிறப்பு, தம் சமூகத்தாரின் நலனை எடுத்துரைக்கும் திறன் ஆகியவற்றுள் ஒன்றேனும் வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையிலோ மாநிலத்தை ஆளும் கட்சிகள் தமக்குள் இடங்களைப் பங்கிட்டுக்கொள்வதே வழக்கமாயிற்று. கட்சிகள் மாறின, வழக்கம் மாறவில்லை. கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் மாவட்ட மன்றங்கள் 2021இல் நகராண்மைக் கழகங்களாக உயர்ந்தன. பெயர் உயர்ந்ததே அன்றி நியமன முறை அப்படியே நின்றது.

ஈஜோக் காட்டிய பாடம்

உறுப்பினர் எவர்க்குக் கடமைப்பட்டவரோ அவர் விருப்பமே மன்றத்தின் முன்னுரிமையாகும். மக்கள் வாக்களிப்பது சட்டமன்றத்துக்கு. சாலையைப் பராமரிப்பது மன்றம். ஆகவே மக்களின் குறை மன்றத்தின் காதில் விழவேண்டுமாயின் சட்டமன்றத் தேர்தல் ஒன்று வரவேண்டும்.

கோல சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதிக்கு உட்பட்ட ஈஜோக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தோட்ட மக்களும் தோட்டத்தை விட்டு வெளிவந்தோரும் மிகுந்த தொகுதி அது. அதன் உறுப்பினர் ம.இ.கா.வின் கா. சிவலிங்கம் மறைந்ததால் 2007 ஏப்ரல் 28ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தது. பல்லாண்டு கேட்டும் வாராத தாரும் விளக்கும் வடிகாலும் அச்சில வாரங்களில் வந்தன. அன்றைய நாளேடுகள் இதனைப் பக்கம் பக்கமாக எழுதின. தேசிய முன்னணி வேட்பாளர் கா. பார்த்திபன் 5,884 வாக்குகள் பெற்றார். கெஅடிலான் கட்சியின் காலிட் இப்ராகிம் 4,034 வாக்குகள் பெற்றார். ஓராண்டுகூட நிறையவில்லை. 2008 மார்ச் 8ஆம் நாள் பொதுத்தேர்தலில் அதே ஈஜோக் மக்கள் அதே காலிட் இப்ராகிமைத் தேர்ந்தனர். அவர் சிலாங்கூர் மந்திரி பெசார் ஆனார். சாலையை ஏற்றுக்கொண்ட மக்கள் அதற்கு விலையாகத் தம் வாக்கை என்றென்றைக்கும் எழுதிக் கொடுத்துவிடவில்லை என்பது இதனால் விளங்கும்.

அண்டை மாவட்டத்திலும் இதே கதைதான். உலு சிலாங்கூரில் 2008இல் 198 வாக்கு வேறுபாட்டில் ம.இ.கா. தோற்றது, 2010 ஏப்ரல் இடைத்தேர்தலில் 1,725 வாக்கு வேறுபாட்டில் வென்றது. இத்துணைச் சிறு வேறுபாட்டில் வெற்றி தோல்வி அமையும் இடத்தில் தோட்டத்து வாக்குக்குத் தனி மதிப்பு உண்டு. 2024 மே 11ஆம் நாள் கோல குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தலில் முன்னணிக்கு வந்த கோரிக்கைகளுள் ஒன்று யாது? மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்க்கு வீடு வேண்டும் என்பதே. நெடுங்காலக் கோரிக்கை அது. மற்ற நாட்களில் கோப்பில் உறங்கியது, இடைத்தேர்தலில் எழுந்து நடந்தது.

2008க்குப் பின் மற்றொரு விந்தையும் நிகழ்ந்தது. மாநிலத்தில் ஒரு கூட்டணியும் மத்தியில் மற்றொரு கூட்டணியும் ஆண்டமையால், ஓர் ஊருக்கே மாநிலம் அமைத்த முன்னேற்றக் குழு ஒன்றும் மத்திய அரசு அமைத்த குழு ஒன்றுமாக இரண்டு இயங்கின. மருமகளுக்கு இரண்டு மாமியார் வாய்த்தது போன்ற நிலை அது.

பெருநகரின் தேவையும் சிற்றூரின் தேவையும்

முன்னுரிமை என்பது உள்ளூர்க் கட்சிப் பூசலோடு நிற்பதன்று. கிள்ளான் பள்ளத்தாக்கு பருகும் நீரின் பெரும்பகுதி சிலாங்கூர் ஆற்று நீரே. அதைத் தூய்மை செய்யும் பெரிய நிலையங்கள் முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் உள்ளன. தலைநகரின் குப்பையோ 2005 முதல் புக்கிட் தாகாருக்கு வரலாயிற்று. 2007 முதல் ஜெராமிலும் பெரிய குப்பைமேடு இயங்கலாயிற்று. நீர் இங்கிருந்து செல்கிறது, குப்பை இங்கு வந்து சேர்கிறது. இவை மாவட்ட மன்றம் தானே முடிவு செய்யும் காரியங்கள் அல்ல. ஆயினும் அவற்றுக்கிடையே வாழ்வோர் தம் கருத்தை முறைப்படி சொல்வதற்கு உரிய இடம் மன்றமே.

இலங்கையின் எடுத்துக்காட்டு

தோட்டமும் ஊராட்சியும் பிரிந்து நின்ற நாடு இது ஒன்றே அன்று. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதியில் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாய் நின்றது. மலைநாட்டுத் தமிழர் சபைக்கு வாக்களித்தனர், உறுப்பினரையும் அனுப்பினர். ஆனால் அவ்வுறுப்பினர் தம் லயத்துச் சாலைக்குக் கல் பரப்ப முடியவில்லை. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. அங்கே வாக்கு இருந்தும் பணம் செல்ல வழியில்லை. இங்கே வாக்கே இல்லை. இரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தேர்தல் மட்டும் வந்தால் தோட்டத்துக்குச் சாலை வந்துவிடாது. நிலச்சட்டத்தின் பூட்டும் திறக்கப்படல் வேண்டும்.

இருதரப்பு வாதம்

ஊராட்சித் தேர்தல் மீண்டும் வேண்டும் என்போர், வரி செலுத்துவோர்க்கு உறுப்பினரை நீக்கும் உரிமை வேண்டும் என்பர். வேண்டா என்போர், நகரங்களில் இனப்பிளவு மிகும், செலவு பெருகும், மாநில அரசுக்கும் மன்றத்துக்கும் ஓயாத இழுபறி நேரும் என்பர். பினாங்கு மாநிலம் 2012இல் தேர்தலுக்கெனச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை எனத் தீர்ப்பளித்தது. எவ்வாறாயினும், தோட்டத்தைவிட்டு வெளியேறித் தாமான்களில் சிதறி வாழும் தமிழர், தேர்தல் வந்தாலும் பல வட்டாரங்களில் சிறுபான்மையினராகவே இருப்பர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

மக்கள் அறியத்தக்கவை

தோட்ட வீட்டை விட்டுச் சொந்த வீட்டில் குடியேறிய நாளே ஒரு குடும்பம் மதிப்பீட்டு வரி செலுத்தும் குடும்பமாகிறது. உத்தரமேரூர் கேட்ட மனையும் வரியும் அவர்க்கு இப்போது உண்டு. அதனோடு வந்த உரிமைகளை அறிந்தவர் சிலரே. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு தீர்மானம் இல்லாவிடில், மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளர்க்கும் திறந்தவை. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் மன்றத்தில் ஏற்கப்பட்டு மாநில அரசின் ஒப்புதலுக்குச் செல்கிறது; சாலைக்கும் வடிகாலுக்கும் எவ்வளவு என்பது அங்கேதான் முடிவாகிறது. வரி மதிப்பீடு தவறெனக் கருதினால் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

இன்னும் தோட்டத்துக்குள் வாழ்வோர் அறியவேண்டியது வேறு. வீட்டுக் கூரை, குடிநீர் ஆகியவை பற்றிய முறையீடு தொழில் இலாகாவுக்கு உரியது. பொதுச்சாலையில் விளக்கில்லை என்னும் முறையீடு மன்றத்துக்கு உரியது. தோட்டச் சாலையைப் பொதுச்சாலையாக ஏற்கவேண்டும், வீட்டுமனைக்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்பன மாநில அரசுக்கு உரியவை. ஒரே மனுவில் அனைத்தையும் எழுதி, தேர்தல் நாளில் மேடையில் நிற்பவர் கையில் கொடுப்பதால் எவ்விலாகாவும் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. மனுவைப் பிரித்து எழுதி, உரிய அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்தல் வேண்டும். கடிதம் எழுதக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இதனினும் பயனுள்ள பயிற்சி வேறில்லை.