மலைச்சாலை ஊர்தியில் இருவருக்கு ஓர் இல்லம்

லடாக், ஸ்பிதி, கட்ச் உப்புப் பாலை ஆகிய பகுதிகளை அவசரமின்றிச் சுற்றிவர வேண்டும் என்னும் விருப்பம், பணி ஓய்வை நெருங்கும் தம்பதியர் பலரிடம் உண்டு. 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டபின் மணாலியிலிருந்து லாகௌல் பள்ளத்தாக்கை அடைவது எளிதாயிற்று. ஆயினும் அதற்கு அப்பால், இருட்டுவதற்குள் ஏதேனும் ஒரு விடுதியை எட்டியாக வேண்டும் என்ற கட்டாயமே நாளின் திட்டத்தைத் தீர்மானிக்கிறது. அக்கட்டாயத்திலிருந்து விடுபடுவதற்காக, நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஊர்திக்குள் படுக்கையும் சமையலிடமும் அமைத்துக்கொள்வோர் இருக்கின்றனர். இதில் ஈடுபடும் பணம் சிறிதன்று. அதனினும் பெரிது, மூடிய ஊர்திக்குள் உறங்கும் இருவரின் பாதுகாப்பு. ஆகவே தச்சரை அழைப்பதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

எடுத்துக்காட்டாக ஃபோர்ஸ் கூர்க்காவைக் கொள்வோம். இதன் ஐந்து கதவு வடிவம் 2024 மே மாதத்தில் விற்பனைக்கு வந்தது. 2.6 லிட்டர் டீசல் எஞ்சின், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி டிஃபரன்ஷியல் பூட்டு, 700 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும் திறன் ஆகியவை இதன் சிறப்புகள். உயரமான கூரையும் பெட்டி போன்ற பின்புறமும் உள்ளே படுக்கை அமைக்க ஏற்றவை. காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்நார்க்கல் குழாயைத் தயாரிப்பாளரே பொருத்தி விற்கிறார்.

இந்தக் கடைசிச் செய்தி சிறியதாகத் தோன்றலாம். சட்டத்தின் பார்வையில் அது சிறியதன்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும் வகையில் ஊர்தியை மாற்றியமைத்தல் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. ஆலையிலிருந்து வரும் ஸ்நார்க்கல் ஒப்புதல் பெற்ற வடிவத்தின் ஒரு பகுதி. முன்புறம் இரும்புக் கம்பிக் காப்பு பொருத்துவதோ இப்பிரிவுக்கு முரணானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கூரையை வெட்டி உயர்த்துதல், அடிச்சட்டத்தை நீட்டுதல், இருக்கைகளை நிரந்தரமாக நீக்கிவிட்டு அவ்விடத்தில் அலமாரி அமைத்தல் ஆகியவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் ஒப்புதலின்றித் தொடங்கலாகாது. இருக்கைகளின் எண்ணிக்கையும் பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் விவரமே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

எனவே நாங்கள் பரிந்துரைப்பது ஒன்றே: உடலைத் தொடாதீர்கள், உள்ளே வைப்பவை யாவும் கழற்றி எடுக்கத்தக்கனவாக இருக்கட்டும். இருக்கைகளை மடக்கி, அவற்றின் மேல் நிற்கும் மேடையே போதுமானது. தரையில் ஏற்கெனவே உள்ள கொக்கிகளிலும் திருகுத் துளைகளிலும் மேடையை இறுகப் பிணைத்துக்கொள்ளலாம். பயணம் முடிந்ததும் அதனை வீட்டில் இறக்கிவிட்டால், ஊர்தி மீண்டும் பேரக்குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும். பிற்காலத்தில் ஊர்தியை விற்க நேர்ந்தாலும், துளையிடப்படாத உடலுக்கே நல்ல விலை கிடைக்கும்.

அடுத்துக் கணக்கிட வேண்டியது எடை. புதியோர் பெரும்பாலும் இடத்தை அளக்கின்றனர். எடையைக் கூட்டிப் பார்ப்பதில்லை. எட்டடிக்கு நாலடி அளவுள்ள 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று ஏறத்தாழ 35 கிலோ இருக்கும். அதே அளவில் 12 மில்லிமீட்டர் பலகை 23 கிலோ அளவில் அமையும். வீட்டு அலமாரி செய்து பழகிய தச்சர் 18 மில்லிமீட்டர் பலகையையே எடுப்பார். அவரிடம் அலுமினியச் சட்டத்தின் மேல் 12 மில்லிமீட்டர் போதும் என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். 50 லிட்டர் தண்ணீர் 50 கிலோ. 40 லிட்டர் குளிர்பெட்டி, மின்கலம், எரிவாயு உருளை, பாத்திரங்கள், உடைகள், உதிரி டயர், கருவிகள் எனக் கூட்டிக்கொண்டே சென்றால், இரு பயணிகளையும் சேர்த்து 400 கிலோவை எட்டுவது கடினமன்று. கனமானவை தாழ்வாகவும், இரு அச்சுகளுக்கு இடையிலும் அமைய வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் கூரைமேல் வைத்தால் ஊர்தியின் ஈர்ப்பு மையம் உயரும். பக்கவாட்டுச் சரிவில் அது கவிழும் அபாயமும் கூடும்.

படுக்கைக்கு ஆறடி நீளமும் நாலடி அகலமும் இருவருக்குக் குறைந்த அளவு. முன் இருக்கைகளை முன்னால் தள்ளி, அவ்விடைவெளியில் மடக்குப் பலகை ஒன்றை விரித்தால் நீளம் கிடைத்துவிடும். மேடையின் உயரத்தில்தான் சிக்கல் எழும். அடியில் இழுப்பறைகளுக்காக மேடையை உயர்த்திக்கொண்டே போனால், படுக்கையில் நிமிர்ந்து அமர இயலாது. மழையில் நாள் முழுதும் உள்ளேயே இருக்க நேரும்போது, உட்கார முடியாத படுக்கை இருவரின் மனநிலையையும் கெடுக்கும். பொருள்களைக் குறைத்து மேடையைத் தாழ்த்துவதே நலம். நள்ளிரவில் எழ வேண்டியவர் கதவோரம் படுக்கட்டும். மூட்டுவலி உள்ளவருக்கு ஏறி இறங்க ஒரு மடக்குப் படி அவசியம். மடக்குக் கழிப்பறை இருக்கை ஒன்றையும் எடுத்துச் செல்வதில் கூச்சம் வேண்டியதில்லை. பனிக்காற்றில், நாய்கள் சுற்றும் இருளில், அதன் அருமை விளங்கும்.

மெத்தைக்கு அடியில் காற்றோட்டம் இருத்தல் வேண்டும். இருவர் உறங்கும் ஓர் இரவில் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் ஏறத்தாழ அரை லிட்டர் ஈரம் வெளியேறுகிறது. குளிர்ந்த தகட்டில் அது நீர்த்துளிகளாகப் படியும். சில நாள்களில் மெத்தையின் அடிப்புறம் பூஞ்சை பிடிக்கும். மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் தாள்களைத் தகட்டின் உட்புறம் பொருத்தி, இரண்டு சன்னல்களை எதிரெதிராக விரலளவு திறந்து வைத்தால் ஈரம் பெரிதும் தணியும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, நாளின் தேவையைக் கூட்டிப் பார்த்த பின்னரே மின்கலம் வாங்க வேண்டும். 45 வாட் குளிர்பெட்டி பாதி நேரம் இயங்கினால் நாளொன்றுக்கு 540 வாட்-மணி செலவாகும். விளக்கு, சிறு விசிறி, கைப்பேசிகளுக்கு 200 எனக் கொண்டால் மொத்தம் 740. 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 12.8 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் 1,280 வாட்-மணி தரும். அதாவது வெயில் இல்லாவிடினும் ஒன்றரை நாளுக்கு மேல் தாங்கும். 200 வாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாளில் அச்செலவை ஏறத்தாழ ஈடுசெய்துவிடும். பலர் மின்தூண்டல் அடுப்பையும் சேர்க்க விரும்புகின்றனர். 1,800 வாட் அடுப்பு 12 வோல்ட்டில் 150 ஆம்பியர் இழுக்கும். அதற்கேற்ற தடித்த கம்பிகளும் பெரிய இன்வெர்ட்டரும் விலையையும் எடையையும் ஏற்றிவிடும். எங்கள் மதிப்பீட்டில் அது இருவர் பயணத்துக்குத் தேவையற்றது. மேலும் இரண்டு எச்சரிக்கைகள்: மின்கலத்தின் நேர்முனையை ஒட்டியே ஃபியூஸ் அமைய வேண்டும், உறைநிலைக்குக் கீழான வெப்பநிலையில் லித்தியம் மின்கலத்தை மின்னேற்றினால் அது நிரந்தரமாகப் பழுதடையும். லடாக் செல்வோர் அதனை உட்புறத்தில் வைப்பதுடன், குளிரில் மின்னேற்றத்தைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சமையலுக்குப் பின்கதவை ஒட்டி வெளியே இழுக்கத்தக்க ஒரு பலகையும், அதன்மேல் ஒரு தார்ப்பாய்க் கூரையும் போதும். 5 கிலோ எரிவாயு உருளை இருவருக்குப் பல நாள் வரும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே உருளை வைக்கும் பெட்டியின் அடிப்பகுதியில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அதில் பருப்பு வேகாது. பிரஷர் குக்கரைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

குளிர் தாங்காமல் அடுப்பையோ கரி அங்கீட்டியையோ உள்ளே ஏற்றி வைத்து உறங்குவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை அது எழுப்பாது. எஞ்சினை ஓடவிட்டு உறங்குவதும் அத்தகையதே. தலைமாட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று இருக்கட்டும். செலவைக் குறைக்க வேண்டுமெனில் குளிர்பெட்டியை விட்டுவிடலாம், இதனை விடலாகாது. வெப்பத்துக்குத் தடித்த ரஜாயும் வெந்நீர்ப் பையுமே நம்பகமானவை.

இனி, பணம். ஊர்தி கடனில் வாங்கப்பட்டிருந்தால், கடன் தீரும்வரை பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். பதிவு விவரங்களைத் தொடும் மாற்றம் எதையும் எண்ணுவோர் முதலில் கடன் தந்த கிளையிடம் எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அவ்வாறே. பொருத்தப்பட்ட மின்சாதனங்களைக் கூடுதல் பிரீமியம் செலுத்திப் பாலிசியில் சேர்த்துக்கொள்ள வழியுண்டு. தெரிவிக்காத மாற்றங்களால், விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படவோ குறைக்கப்படவோ கூடும். வெள்ளைப் பலகை கொண்ட சொந்த ஊர்தியைப் பயணம் இல்லாத மாதங்களில் வாடகைக்கு விட்டுச் செலவை மீட்கலாம் என்ற யோசனையும் பரவலாகக் கேட்கிறது. வாடகைக்கு விட வணிகப் பதிவும் உரிமமும் வேண்டும். அவையின்றி விட்டால் காப்பீடு கைகொடுக்காது.

உள்ளமைப்புச் செலவைத் தனிநபர் கடனில் செய்ய எண்ணுவோர் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2,00,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை 6,643 ரூபாய். வட்டி மட்டும் 39,000 ரூபாயைத் தாண்டும். வைப்புத்தொகை உள்ளவர்கள் அதனை முறிக்காமல், அதன்மேல் மிகைப்பற்று வசதி பெறலாம். அதன் வட்டி பொதுவாக வைப்பு வட்டியைவிட 1 முதல் 2 சதவீதமே கூடுதல். பயன்படுத்திய தொகைக்கு, பயன்படுத்திய நாள்களுக்கு மட்டுமே கணக்கிடப்படும். ஓய்வூதியப் பணத்தின் பெரும்பகுதியை இதில் இறக்குவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. கையிருப்பில் ஆறு மாதச் செலவும் மருத்துவத் தேவையும் தனியே இருக்க வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன், உரிமம் பெற்ற கேம்பர் ஊர்தி ஒன்றை மூன்று நாள்களுக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்ல முதலீடு. இருவரில் ஒருவருக்கு அந்தக் குறுகிய இடம் ஒத்துக்கொள்ளாது என்று தெரியவந்தால், சில இலட்சங்கள் மிச்சம். ஒத்துக்கொண்டால், அமைப்பு முடிந்தபின் தண்ணீரும் பொருள்களும் நிரப்பிய நிலையில், இருவரும் அமர்ந்தபடியே எடைமேடையில் ஊர்தியை ஏற்றிப் பாருங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடைக்கு மேல் ஒரு கிலோவும் கூடாது. கூடினால், இழுப்பறைகளைத் திறந்து இரண்டாவது வாணலியிலிருந்து தொடங்கலாம்.

லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குச் சேர்ந்ததும் முதல் இரண்டு நாள்களை ஓய்விலேயே கழித்தால்தான் உடல் அவ்வுயரத்துக்குப் பழகும். அந்த இரு நாள்களுக்கு விடுதி அறை ஒன்றை முன்பதிவு செய்துகொள்வதில் தவறேதும் இல்லை. எவ்வளவு திறம்பட அமைத்த ஊர்தியிலும் சுடுநீர் வரும் குளியலறை இராது.