குட்டைக்கு எந்த ரக மீன்?

குறுவைக்கு ஆடுதுறை 43-ஐ விதைக்கும் உழவர், அதே பட்டத்தில் சி.ஆர். 1009-ஐ விதைக்க மாட்டார். இரண்டும் நெல்லே; ஆயினும் ஒன்று ஏறத்தாழ 110 நாட்களில் விளைவது, மற்றொன்று 155 நாட்களுக்கு மேல் வேண்டுவது. நாற்பதாம் நம்பர் நூல் கேட்ட நெசவாளர், கட்டைப் பிரித்ததும் இருபதாம் நம்பர் நூலைக் கண்டால் அதைப் பாவுக்கு எடுக்க மாட்டார். விதையிலும் நூலிலும் இத்துணை விழிப்புடைய நம் அங்கத்தினர்கள், பண்ணைக் குட்டையில் மீன்குஞ்சு விடும்போது மட்டும் “எதுவாயினும் மீன்தானே” என்று இருந்துவிடுவதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். அதனால் நேரும் நட்டம் சிறிதன்று.

ஓர் அனுபவம்

என் சரகத்தில் உள்ள ஒரு சங்கத்தின் அங்கத்தினர், தம் நிலத்தின் ஓரத்தில் ஆயிரம் சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 25 சென்ட் பரப்பில் குட்டை வெட்டினார். மழைநீரைத் தேக்கிப் பயிருக்கு உதவுவது முதல் நோக்கம். மீன் வளர்த்துச் சங்கக் கடனை அடைப்பது இரண்டாம் நோக்கம். கடன் தொகை உரிய வழியில் செலவாகியுள்ளதா என்று பார்க்க நான் சென்றபோது குட்டையில் நீர் இருந்தது. குஞ்சு வாங்கிய சீட்டும் இருந்தது. அச்சீட்டில் “மீன்குஞ்சு 2,000” என்று மட்டுமே எழுதியிருந்தது. என்ன மீன், எந்தப் பொரிப்பகம், எவ்வளவு நீளம் என்று நான் கேட்கவில்லை. சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டு வந்துவிட்டேன்.

பத்துத் திங்கள் கழித்து வலை இழுத்தார்கள். கரைக்கு வந்தவற்றுள் பெரும்பகுதி உள்ளங்கையளவு ஜிலேபிக் கெண்டை. கெண்டை வகை மீன்கள் சிலவே; அவையும் கால் கிலோவைத் தாண்டவில்லை. “ஐயா, விற்றவர் எல்லாம் ரோகு என்றுதான் சொன்னார்” என்று அவர் என்னிடம் கூறியபோது எனக்கு விடை தோன்றவில்லை. தீவனத்துக்குச் செலவிட்ட பணமும் திரும்பவில்லை. கடன் தவணையை அவர் நெல் விற்ற பணத்திலிருந்து கட்டினார். அவர் ஏமாந்ததில் என் பங்கும் உண்டு என்ற எண்ணமே, இப்பொருளைப் பற்றிப் படிக்கவும் மீன்வளத் துறையினரிடம் கேட்டறியவும் என்னைத் தூண்டிற்று.

ஒரே மீனில் பல ரகங்கள்

இனம் வேறு, ரகம் வேறு. கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை என்பன இனங்கள். ஓர் இனத்துக்குள்ளேயே வளர்ச்சியிலும், பருவமடையும் காலத்திலும், தட்பவெப்பம் தாங்கும் திறனிலும் வேறுபடும் ரகங்கள் உண்டு.

இதற்குச் சாதாக் கெண்டையே சிறந்த சான்று. 1939-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது இதன் ஜெர்மானிய ரகம். உதகையின் குளிர்ந்த நீர் அதற்கு ஏற்றதாயிற்று. ஆனால் சமவெளியின் வெப்பத்தில் அது நன்கு இனம் பெருக்கவில்லை. பின்னர் 1957-இல் பாங்காக்கிலிருந்து கட்டாக்குக்கு வந்த ரகம் சமவெளிக் குளங்களில் எளிதில் நிலைபெற்றது. எனினும் அதற்கும் ஒரு குறை உண்டு. ஆறு மாதத்திலேயே பருவமடைந்து, தேங்கிய நீரிலேயே முட்டையிடும். தின்ற தீவனம் சதையாகாமல் சினையாகப் போய்விடும். இக்குறையை நீக்கும் பொருட்டே, ஹங்கேரி நாட்டின் ‘அமுர்’ ரகம் வரவழைக்கப்பட்டுப் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் ஆராயப்பட்டது. இது பிந்திப் பருவமடைவது. ஆதலால் விரைந்து எடை கூடுவது. மூன்றும் ஒரே மீன். பயனோ மூன்று விதம்.

ஜயந்தி ரோகு

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் ஆற்று மீன்கள். தேங்கிய குட்டையில் இவை இனம் பெருக்குவதில்லை. முற்காலத்தில் ஆற்று வெள்ளத்தில் முட்டையையும் குஞ்சையும் திரட்டியே குளங்களில் விட்டனர். 1957 ஜூலை 10-ஆம் நாள் ஒடிசா மாநிலம் அங்குலில், அறிஞர்கள் ஹீராலால் சௌதுரியும் அலிகுஞ்ஞியும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்தி, இம்மீன்களைப் பண்ணையிலேயே முட்டையிடச் செய்தனர். அந்நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இதனால் குஞ்சு எங்கும் கிடைக்கலாயிற்று. உடனே வேறொரு தொல்லையும் தோன்றிற்று. சில பொரிப்பகங்கள், முன்பு தாம் பொரித்த குஞ்சுகளிலிருந்தே அடுத்த தாய்மீன்களை எடுத்து, உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாக இணைத்தன. தாமே எடுத்துவைத்த விதையை மாற்றாமல் பல ஆண்டுகள் விதைத்தால் மகசூல் தேய்வதை உழவர் அறிவர். மீனிலும் அவ்வாறே வளர்ச்சி தேய்ந்தது. கட்லாவையும் ரோகுவையும் ஒரே தொட்டியில் முட்டையிட விட்டதால் கலப்பினங்களும் பெருகின.

இதைச் சீர்செய்யப் புவனேசுவரம் அருகே கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், நார்வே நாட்டு நிலையமொன்றின் துணையுடன் 1992-இல் ஒரு பணியைத் தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, பிரம்மபுத்திரா, சட்லெஜ் ஆறுகளின் ரோகு மீன்களும் பண்ணை மீன்களும் திரட்டப்பட்டன. ஒவ்வொரு தலைமுறையிலும் நன்கு வளர்ந்த குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு இணைக்கப்பட்டன. தலைமுறைக்கு ஏறத்தாழ 17 விழுக்காடு வளர்ச்சி கூடிற்று. நாட்டு விடுதலையின் பொன்விழா ஆண்டான 1997-இல் வெளியிடப்பட்டதால் ‘ஜயந்தி ரோகு’ எனப் பெயர் பெற்றது. கட்லாவிலும் ‘அமிர்த கட்லா’ என்னும் ரகத்தை இந்நிலையம் அண்மையில் அளித்துள்ளது.

ஆயினும் பெயரை மட்டும் கண்டு மயங்கலாகாது. நூல் கட்டின்மேல் எந்தச் சீட்டையும் ஒட்டலாம். ஜயந்தியின் சிறப்பு அதன் தாய்மீன் கையிருப்பில் இருக்கிறதேயன்றிப் பெயரில் இல்லை. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தாய்மீன் பெற்று, அதைப் புதுப்பித்துவரும் பொரிப்பகத்தின் குஞ்சே உண்மையான ஜயந்தி.

ஜிலேபிக் கெண்டை தந்த பாடம்

நம் அங்கத்தினரின் குட்டையை நிறைத்த ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்நாட்டுக்கு வந்தது. ஏழைகளுக்கு மலிவான உணவு கிடைக்கும் என்ற நல்ல நோக்கத்துடனேயே கொண்டுவந்தனர். ஆனால் இது இரண்டு மூன்று மாதங்களிலேயே பருவமடையும். தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் அழிவு குறைவு. ஆண்டில் பலமுறை பெருகி, இரை போதாமல், எல்லாமே குறுகிய உருவில் நின்றுவிடும். ஏரிகளிலும் பரவி நாட்டு மீன்களை நெருக்கியது. 1959-இலேயே இதைப் பரப்புவதற்குத் தடை கூறப்பட்டது. ஆனால் அதற்குள் அது எங்கும் பரவியிருந்தது.

இன்று ‘கிப்ட் திலாப்பியா’ என்று வழங்குவது இதன் உறவினமாகிய நைல் திலாப்பியாவின் மேம்பட்ட ரகம். 1988-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் தொடங்கிய தேர்வுமுறை இனப்பெருக்கத்தில் உருவானது. பொரிப்பகத்திலேயே பெரும்பாலும் ஆணாக்கி விற்கப்படுவதால் குட்டையில் பெருகுவதில்லை, விரைந்தும் வளரும். ஆனால் மாநில மீன்வளத் துறையின் அனுமதி பெற்றே இதை வளர்க்க வேண்டும். வெள்ளத்தில் கரை மூழ்கும் குட்டையில் இதை விடுவது பெருந்தவறு.

பிற நாடுகளிலும் இதே நிலைதான். அமெரிக்கர் தம் சொந்தக் குளங்களில் ‘புளூகில்’ என்னும் மீனை விடுகின்றனர். புளோரிடாப் பகுதியில் தோன்றிய செம்புமூக்கு ரகம் வெப்பமான தென் மாநிலங்களில் பெரிதாக வளரும். வடக்கின் கடுங்குளிரை அதனால் தாங்க இயலாது. அங்கே வடபுலத்து ரகமே ஏற்றது. அதே புளூகில், 1960-இல் சிகாகோ நகரிலிருந்து அன்பளிப்பாக ஜப்பானிய இளவரசர் அக்கிகிட்டோவின் கைக்கு வந்தது. உணவுக்கு உதவுமென்று வளர்க்கப்பட்ட அம்மீன், பீவா ஏரி முதலியவற்றில் பரவி நாட்டு மீன்களைக் குறைத்தது. பேரரசரான பின் 2007-இல் அவரே அதற்காக வருந்திப் பேசினார். தன் குட்டைக்குள் அடங்கியிருக்கும் வரையில்தான் எந்த அயல்மீனும் நமக்கு உதவி.

குட்டையைப் பார்த்து ரகத்தைத் தேர்க

தேர்வுக்கு முதல் அளவுகோல், நீர் நிற்கும் காலம். பத்துத் திங்கள் குறையாமல் ஐந்தடி நீர் நிற்குமாயின் கட்லா, ஜயந்தி ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து விடலாம். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை கொள்வதால் ஒன்றன் உணவை மற்றொன்று பறிக்காது. 25 சென்ட் குட்டைக்குக் கட்லா 200, ரோகு 150, மிர்கால் 150 என 500 விரலளவுக் குஞ்சுகள் போதும். நம் அங்கத்தினர் விட்ட 2,000 அதைப் போல் நான்கு மடங்கு என்பதை நினைவிற்கொள்க.

கார்த்திகையில் நிரம்பி வைகாசியில் வற்றும் குட்டையில், சிறு குஞ்சை விட்டு ஒரு கிலோ மீனை எதிர்பார்ப்பது குறுவையில் நெடுங்கால நெல்லை விதைப்பதை ஒக்கும். அத்தகைய குட்டைக்கு அமுர் ரகச் சாதாக் கெண்டை, அனுமதி பெற்ற கிப்ட் திலாப்பியா, அல்லது நெருக்கமாக வைத்து வளர்ச்சியை அடக்கிய ஓராண்டுக் கெண்டைக் குஞ்சு ஏற்றது. இடமும் இரையும் கிடைத்தவுடன் ஓராண்டுக் குஞ்சு விரைந்து பருக்கும்.

எந்த ரகமாயினும், குட்டையில் முன்பே உள்ள ஜிலேபியையும் விராலையும் அகற்றாமல் விட்டால் பணம் நீரில் போட்டதாகும். குட்டையை வற்றவிட்டுக் காயப்போடுவது நன்று. இயலாவிடில், குஞ்சு விடுவதற்கு மூன்று வாரம் முன்னதாக, மூன்றடிக்குச் சற்று மிகுந்த ஆழமுள்ள 25 சென்ட் நீருக்கு 250 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு இடலாம். மீன் இறக்கும், பின்னர் அதுவே எருவாகும். நீர் வரும் வாயில் நெருக்கமான வலை கட்டுதல் இன்றியமையாதது.

சங்கம் செய்யத்தக்கது

தனி ஒருவர் ஐந்நூறு குஞ்சு கேட்டால் பொரிப்பகத்தார் கிடைத்ததைக் கொடுப்பர். பத்து அங்கத்தினர் தம் தேவையைச் சங்கத்தில் பதிந்து ஐயாயிரம் குஞ்சுக்கு ஒரே ஆணை கொடுத்தால், தாய்மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டாகிறது. ஆகவே நிர்வாகக் குழுவினர் பின்வருவனவற்றை வழக்கமாக்கிக்கொள்வது நலம்:

1. கொள்முதல் சீட்டில் இனம், ரகம், நீளம், பொரிப்பகத்தின் பெயர் ஆகிய நான்கும் எழுதப்பெற வேண்டும்.

2. நான்கு அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சை வாங்கலாகாது. நுண்குஞ்சில் இனத்தை அறிவது அரிது. விரலளவுக் குஞ்சில் கண்ணாலேயே அறியலாம். கட்லாவுக்குத் தலை பெரிது. ஜிலேபியின் முதுகுத் துடுப்பில் முள் கையைக் குத்தும்.

3. ஒரு கை வலையில் வந்ததை எண்ணிப் பிரித்துப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

4. குஞ்சுப் பையைக் கால்மணி நேரம் குட்டை நீரில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பின் மெல்லத் திறந்துவிட வேண்டும்.

முன்னர்க் குறிப்பிட்ட அங்கத்தினர் குட்டையைக் காயவிட்டு, இவ்வாண்டு ஐந்நூறு குஞ்சே விட்டிருக்கிறார். அண்மையில் அங்குச் சென்றபோது அவர் முதலில் என்னிடம் நீட்டியது கொள்முதல் சீட்டைத்தான். அதில் நான்கு விவரங்களும் இருந்தன. ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்த பிறகே இம்முறை கையெழுத்திட்டேன்.