பெயர் மாறாத கார்கள். பொறுப்பு நீங்காத உரிமையாளர்கள்

புது தில்லி: செங்கோட்டை மெட்ரோ ரயில் நிலையம் அருகே 2025 நவம்பர் 10-ஆம் தேதி மாலை வெடித்துச் சிதறிய காரின் பதிவெண்ணைப் பின்தொடர்ந்த போலீஸார், அந்தக் காரை முன்பே விற்றுவிட்டிருந்த குருகிராம்வாசி ஒருவரைத்தான் முதலில் விசாரித்தனர். பலர் கைமாறி, ஃபரீதாபாத் பழைய கார் வியாபாரி ஒருவர் வழியாகவும் சென்றிருந்தது அந்தக் கார். ஆயினும், பதிவு ஆவணத்தில் பழைய பெயரே நீடித்தது.

பயங்கரவாத வழக்கு என்பதால் அது வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால், பெயர் மாறாமல் கார் கைமாறுவது தலைநகர் வட்டாரத்தில் புதிதல்ல. உரிமம் பெறாத வியாபாரி, விற்பவரிடம் 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்கிறார். வாங்குபவரின் பெயர் எழுதும் இடம் வெறுமையாகவே விடப்படுகிறது. அடுத்த ஆள் கிடைக்கும்வரை கார் வியாபாரியிடம். பொறுப்போ விற்றவர் தலையில். ஏட்டில் பெயரே இல்லாத வியாபாரியைப் பழைய கார் விற்பனை லாபத்தின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் எளிதில் எட்டுவதில்லை.

இதில் இரு பக்கமும் அடிபடுபவர்கள் கார் ஆர்வலர்கள். பழைய மாருதி 800, அம்பாசடர் போன்றவற்றைத் தேடிப் பிடித்து, விடுமுறை நாள்களில் தாமே பழுது பார்த்து, ஒன்றை விற்று மற்றொன்றை வாங்குபவர்கள் இவர்கள். நல்ல கார்களை வியாபாரி முந்திக்கொண்டு வாங்கி, துருவின் மேல் வண்ணம் பூசி விலையை ஏற்றிவிடுகிறார். வாங்கிய பிறகு, பதிவில் உள்ள உரிமையாளரைத் தேடிப் பிடிக்க முடியாவிட்டால் பெயர் மாற்றமும் சிக்கலாகிறது.

விற்கும்போது அவசரம் அவர்களை வியாபாரியிடம் தள்ளுகிறது. தில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் எதிரான கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. நடவடிக்கையிலிருந்து 2025 ஆகஸ்டில் அளிக்கப்பட்ட பாதுகாப்பு, அதே ஆண்டு டிசம்பரில் பி.எஸ். 4 மற்றும் அதற்கு மேற்பட்ட தரமுள்ள வாகனங்களுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. 2021-இல் வகுக்கப்பட்ட பாரம்பரிய வாகன விதிகளோ 50 ஆண்டு கடந்தவற்றுக்கே பொருந்தும். இடைப்பட்ட வயதுடைய கார்களை வெளிமாநிலத்துக்கு அனுப்ப வழியறியாதவர்கள், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுக் கையெழுத்தும் போட்டுத் தருகின்றனர்.

அந்தக் கையெழுத்தின் விலை சிறிதல்ல. 2007-இல் விற்கப்பட்டுப் பலர் கைமாறிய கார் ஒன்று 2009-இல் விபத்தை ஏற்படுத்தியது. பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர், ஒவ்வொரு கைமாற்றத்தையும் தேடி அலைய வேண்டியதில்லை என்பதே அதன் அடிப்படை. நியாயமான தீர்ப்புதான், ஆனால், இடையில் லாபம் பார்த்த வியாபாரி தப்பிவிடுகிறார்.

இந்த ஓட்டையை அடைக்கவே, 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பழைய வாகன வியாபாரி, பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். கார் ஒப்படைக்கப்பட்ட தகவலைப் படிவம் 29-சி மூலம் தெரிவித்ததும் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். கார் எங்கு, எதற்காக ஓட்டப்பட்டது என்பதையும் மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

விதி தெளிவானது. ஆனால், அங்கீகாரம் பெற்றவரிடம் விற்றால்தான் அது விற்பவரைக் காக்கும். குண்டு வெடித்த பிறகு கடை கடையாகச் சோதனையிடுவதைவிட, சான்று இல்லாதவர் கார் வாங்கி விற்பதை ஆண்டு முழுவதும் தடுப்பதே அரசின் கடமை. அப்போதும், எப்போதாவது ஒரு காரை விற்கும் ஆர்வலரையும், பெயரை மறைத்து வியாபாரம் செய்பவரையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது.

அதுவரை, சாவியைக் கொடுக்கும் முன் அங்கீகாரச் சான்றைக் கேட்பதும், தனிநபருக்கு விற்றால் மோட்டார் வாகனச் சட்டப்படி உரிய கெடுவுக்குள் தாமே பதிவு அதிகாரிக்குத் தெரிவிப்பதும் மட்டுமே காரை விற்பவருக்கு உள்ள பாதுகாப்பு.