604601-க்குள் மூன்று எண்கள்

கீழ்பென்னாத்தூருக்குப் போகும் கடிதத்தில் ஊர்ப் பெயரோடு 604601 என்று எழுதுகிறோம். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோடு முறை தந்த எண் அது. தபாலைப் பிரிப்பவருக்கு அது வழிகாட்டி. அதையே ஆறு லட்சத்து நாலாயிரத்து அறுநூற்று ஒன்று என்ற முழு எண்ணாக எடுத்துக்கொள்வோம். இது பகா எண்ணா, பகு எண்ணா?

இதன் வர்க்கமூலம் 777-ஐச் சற்றே தாண்டும். பகு எண்ணாக இருந்தால், அதன் பகாக் காரணிகளில் ஒன்றாவது வர்க்கமூலத்துக்குள் அகப்பட்டே தீரும். ஆக, 777 வரையுள்ள 137 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்.

கடைசி இலக்கம் 1. எனவே 2, 5 இல்லை. இலக்கங்களின் கூட்டல் 17; எனவே 3-ம் இல்லை. அடுத்த படி எனக்கு மிகவும் பிடித்தது. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. அதனால் ஆறு இலக்க எண்ணை நடுவே வெட்டி, 604-லிருந்து 601-ஐக் கழித்தால் போதும். மீதி 3. அந்த 3-ஐ 7, 11, 13 எதுவும் வகுக்காது. ஆகவே 604601-ஐயும் வகுக்காது. ஒரே கழித்தலில் மூன்று சோதனைகள் முடிந்துவிட்டன! 17-ஆல் வகுத்தால் மீதி 13, 19-ஆல் வகுத்தால் மீதி 2. ஒன்பதாவது பகா எண்ணான 23-இல் எண் பிடிபடுகிறது: 23 × 26287. அந்த 26287-ம் 97 × 271 என்று பிரியும்.

ஆக, 604601 = 23 × 97 × 271. மூன்றும் பகா எண்கள், மூன்றும் வெவ்வேறு. எனவே இதற்கு வகுஎண்கள் சரியாக எட்டு.

இந்த மூன்றும் சேரும்போது ஓர் அழகு வெளிப்படுகிறது. 1-ஐ 23-ஆல் வகுத்தால் தசம இலக்கங்கள் 22-க்கு ஒருமுறை திரும்ப வரும். 97-ஆல் வகுத்தால் 96-க்கு ஒருமுறை. 271-க்கோ ஐந்தே இலக்கம்தான், ஏனென்றால் 271 × 369 = 99999. இந்த 22, 96, 5 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 5280. அதாவது 1-ஐக் கீழ்பென்னாத்தூரின் பின்கோடால் வகுத்துக்கொண்டே போனால், 5280 இலக்கங்கள் முடிந்த பிறகுதான் வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

23, 97, 271 மூன்றையும் பெருக்க ஒரு நிமிடம் போதும். விடையை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றையும் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு வகுத்தல். இணையத்தில் பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்கப் பூட்டு இந்த வேறுபாட்டை நம்பியே நிற்கிறது. அதில் வழக்கமாக வரும் எண்ணுக்கு 617 இலக்கங்கள். இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல் அது. இன்றைய கணினிகளால் அதைப் பிரிக்க முடியவில்லை.

பக்கத்திலுள்ள திருவண்ணாமலையின் 606601 இரண்டாக மட்டுமே பிரியும்: 43 × 14107. உங்கள் ஊர் எண்ணையும் ஒரு தாளில் எழுதி நடுவே வெட்டிக் கழித்துப் பாருங்கள். மீதி 7, 11, 13-இல் ஒன்றால் வகுபட்டால் முதல் காரணி அப்போதே கிடைத்துவிடும்.