நைட் ஷிப்ட்காரருக்கு எது காலை?

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் மறுநாள் பேப்பரில் படம் வந்துவிடும். நந்திமலையில் பிறந்து, பெங்களூருவின் கழிவையும் சுமந்து வரும் தென்பெண்ணை, தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் தேங்கும் முதல் அணை இது. நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டாவது ஊர் அதைப் பற்றிப் பேசும். ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்ட் மாறி மாறிப் போய்வருபவர்களின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது நுரைப்பதுமில்லை, நாறுவதுமில்லை. பல பேருக்குப் பல வருடம் வலியும் தருவதில்லை.

இத்தனைக்கும், வீட்டு வாசலுக்கே சுகர் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் பிறந்ததே இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். ஓசூருக்கு அடுத்த சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத பாட்டிக்கு இது பெரிய உபகாரம். சந்தேகமே இல்லை.

ஆனால் தன்னார்வலர் வரும் நேரத்தில் தொழிலாளியின் அறை பூட்டியிருக்கும். அல்லது இரவு வேலை முடித்தவர் உள்ளே அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருப்பார். 2024-இல் பரிசோதனை தொழிற்சாலைகளுக்கும் போகத் தொடங்கியது நல்ல காரியம். அப்புறமும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. மருத்துவமனையின் கடிகாரம் வேறு, தொழிற்சாலையின் கடிகாரம் வேறு.

‘வெறும் வயிற்றில் வாருங்கள்’ என்கிறார்கள். எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் கேன்டீன் சாப்பாடு, நாலு மணிக்குச் சர்க்கரை போட்ட டீ என்று முடித்துவிட்டு ஆறு மணிக்கு வெளியே வருபவருக்கு ஏது வெறும் வயிறு? இவர்களுக்கு ஏற்றது, ஊரில் ‘மூணு மாச சுகர்’ என்று சொல்லும் பரிசோதனை. அதற்குப் பட்டினி தேவையில்லை. அதில் 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இடைப்பட்டது எச்சரிக்கை.

மருந்துச் சீட்டில் ‘காலை–இரவு’ என்று எழுதித் தருகிறார்கள். நைட் ஷிப்ட்காரருக்கு எது காலை, எது இரவு? இது வேடிக்கைக் கேள்வியில்லை. கிளிமிபிரைடு வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் அசந்து தூங்கிப்போனால் சர்க்கரை சடாரென்று இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். ஓடுகிற பிரஸ் மெஷின் முன்னால் நிற்கும்போது அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தப்பு. நேரத்தை மாற்றித் தரச்சொல்லிக் கேட்க வேண்டும்.

சரி, வராமலே தடுக்க முடியாதா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நோய் எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடிக்கச் செய்யப்பட்டவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். அதாவது, ஒரு மாத்திரை செய்த வேலையைத் தினசரி அரை மணி நடையும் கட்டுப்பாடான சாப்பாடும் செய்துவிட்டன. அந்த ஆய்வுக்கு வந்தவர்களும் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள்தான்.

சாப்பாடு என்றதும் இந்தப் பக்கத்தில் உடனே கேழ்வரகைச் சொல்வார்கள். நம் மண்ணின் தானியம், எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அதிலும் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்துக் காய்ச்சிய கஞ்சி சட்டென்று ரத்தத்தில் கலக்கும். ‘ராகிதானே’ என்று மூன்று உருண்டை களி தின்றால் சோற்றைத் தின்ற கதைதான். ஒரு உருண்டையோடு நிறுத்தி, கீரையும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரி மாம்பழத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டு துண்டு போதும், சாப்பாட்டுக்கு மேல் வேண்டாம்.

பாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கரை கூடிக் கூடி நரம்பு மரத்துப்போனால், பாதுகாப்பு ஷூவுக்குள் புகுந்த சிறு கல்லும் தெரியாது. ரோஜாத் தோட்டத்தில் வெறுங்காலில் ஏறிய முள்ளும் தெரியாது. புண் அழுகிய பிறகுதான் தெரியும். ஷூவைக் கழற்றியதும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்க ஒரு நிமிடம் போதும். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள்.

அடுத்த முறை சீட்டு எழுதும்போது, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: ‘டாக்டர், இந்த வாரம் எனக்கு நைட், அடுத்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட்.’