வண்டியில் ஒட்டும் எழுத்து

நெய்யாறு கடலோடு கலக்கும் இடம் பூவார். அதற்குத் தெற்கே பொழியூர். அதைக் கடந்தால் தமிழ்நாட்டின் நீரோடி. கிழக்கே பாறசாலை வழியாகத் தேசிய நெடுஞ்சாலை களியக்காவிளைக்குச் செல்கிறது. மீன் வண்டி, பேக்கரி வண்டி, பால் வண்டி எனச் சிறு சரக்கு வாகனங்கள் இச்சாலைகளில் விடியுமுன்பே ஓடத் தொடங்கிவிடும். எல்லையின் இருபுறமும் வாணிகம் செய்யும் வண்டிக்கு மலையாள எழுத்தும் வேண்டும், தமிழெழுத்தும் வேண்டும்.

முன்னாளில் ஓவியர்கள் தூரிகையால் இவற்றை எழுதினர். இன்று பெரும்பாலும் வினைல் தாளில் அச்சிட்டு ஒட்டுகின்றனர். வினைல் என்பது பாலிவினைல் குளோரைடு என்னும் நெகிழி. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பொருள்தான். குழாய் விறைப்பாக இருக்கிறது, தாளோ வளைகிறது. மென்மையூட்டும் பொருளைக் கலப்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். வெயிலில் அப்பொருள் சிறிது சிறிதாக வெளியேறும்போது தாள் சுருங்கி, விறைத்து, வெடிக்கிறது. ஸ்டிக்கர் கடையில் கேட்கப்படும் விலை வேறுபாடுகளுள் பெரும்பகுதி இதிலிருந்தே பிறக்கிறது.

தாள் செய்யும் முறைகள் இரண்டு. சப்பாத்தி மாவைத் தேய்ப்பதுபோல, சூடான நெகிழியை உருளைகளுக்கிடையே நசுக்கி இழுப்பது ஒரு முறை. இழுத்துச் செய்த தாள் மீண்டும் சுருங்கவே முயலும். இவ்வகையில் மலிவானதை மோனோமெரிக் என்றும், சற்று உயர்ந்ததைப் பாலிமெரிக் என்றும் கூறுவர். பாலிமெரிக் தாளில் மென்மையூட்டும் பொருள் எளிதில் வெளியேறாது. ஆகவே சுருக்கமும் குறைவு. மற்றொரு முறையில், தோசை மாவை ஊற்றுவதுபோல நெகிழிக் குழம்பை ஊற்றிப் பரப்பி, சூட்டில் உலர்த்துவர். அது காஸ்ட் எனப்படும் வார்ப்புத் தாள். இழுக்கப்படாததால் அது சுருங்குவது மிகக் குறைவு. ஏறக்குறைய 50 மைக்ரான் தடிப்பே உடையதாதலால் வளைவுகளிலும் ஆணித் தலைகளிலும் படிந்து அமரும். விலையும் அதற்கே மிகுதி.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். பேக்கரி வண்டி ஒன்றின் பெட்டி 8 அடி நீளமும் 5 அடி உயரமும் உடையது என்க. இரு பக்கங்களும் சேர்ந்து 80 சதுர அடி. பின்கதவு 20 சதுர அடி. ஆக 100 சதுர அடி. கணக்குக்காகச் சதுர அடி விலையை மோனோமெரிக்குக்கு 40 ரூபாய், மேற்பூச்சுத் தாளுடன் கூடிய பாலிமெரிக்குக்கு 100 ரூபாய், அவ்வாறே காஸ்ட்டுக்கு 180 ரூபாய் எனக் கொள்வோம். கடைக்குக் கடை இது மாறும். இவை முறையே 2, 4, 6 ஆண்டுகள் உழைக்கும் என்றும் கொள்வோம். பார்த்தவுடன் 4,000 ரூபாய்தான் இலாபம் என்று தோன்றும்.

ஆயினும் ஒட்டியதை ஒருநாள் உரித்தாக வேண்டும். விறைத்துப்போன மலிவுத் தாள் முழுதாக வராது. நகத்தளவு துண்டுகளாக உடையும். பசை தகட்டிலேயே தங்கிவிடும். அதைச் சுரண்டக் கூலி 1,500 ரூபாய் என்க. நல்ல தாள் சூடு காட்டினால் பெரிய பெரிய துண்டுகளாக உரிந்து வரும். கூலி 1,000 ரூபாய். உரித்து ஒட்டும் இரண்டு நாளும் வண்டி ஓடாது. நாளுக்கு 1,000 ரூபாய் வருவாய் போகும். இவற்றைக் கூட்டி ஆண்டுகளால் வகுத்தால், மோனோமெரிக்குக்கு ஆண்டுக்கு 3,750 ரூபாயும், பாலிமெரிக்குக்கு 3,250 ரூபாயும், காஸ்ட்டுக்கு 3,500 ரூபாயும் செலவாகும். விலைப்பட்டியலில் மலிவாக இருந்தது ஆண்டுக் கணக்கில் மிகுந்த செலவுடையதாயிற்று.

அதற்காக உயர்ந்ததையே வாங்க வேண்டும் என்பதில்லை. பெட்டியின் பக்கங்கள் தட்டையாக இருந்தால், வளைவில் படியும் திறனுக்காகக் காஸ்ட் தாள் வாங்குவது வீண் செலவே. வண்டியை 2 ஆண்டில் விற்க எண்ணுபவருக்கு மோனோமெரிக்கின் மொத்தச் செலவு 7,500 ரூபாய். பாலிமெரிக்குக்கோ 13,000 ரூபாய். ஆகவே, “வண்டியை எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள்?” என்று முதலில் கேட்கும் கடைக்காரரை நம்பலாம். அதைக் கேளாமல் சதுர அடி விலையை மட்டும் சொல்பவரிடம் சற்று எச்சரிக்கை வேண்டும்.

பூவார் போன்ற கடலோர ஊரில் வேறு இடர்களும் உண்டு. கடற்காற்றில் வரும் உப்பு தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். சோப்பு நீரால் கழுவி, நன்னீரால் அலசி, உலர்த்தி, ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்த பின்னரே ஒட்ட வேண்டும். மீன் வண்டியில் பனிக்கட்டி உருகிய நீர் கதவின் அடியில் வழிந்துகொண்டே இருப்பதால், தாளைக் கீழ் விளிம்புவரை கொண்டுசெல்லாமல் இரண்டு விரற்கடை முன்பே நிறுத்துவது நன்று. 4 அடி அகலச் சுருளில் 5 அடி உயரப் படத்தை அச்சிட்டால் ஓரிடத்தில் ஒட்டு விழும். அங்கே கூரை ஓடுபோல மேல்தாள் கீழ்தாளின்மீது படிய வேண்டும். மாறி ஒட்டினால் மழைநீர் உள்ளே புகும். இருபருவ மழையும் பெய்யும் இப்பகுதியில் இது சிறு செய்தியன்று. அச்சிட்ட மையும் நன்கு உலர வேண்டும். கரைப்பான் கலந்த மையானால், குறைந்தது ஒருநாள் காத்திருந்து மேற்பூச்சுத் தாள் ஒட்டுவதே முறை. மாலைக்குள் வண்டி வேண்டும் என்று அவசரப்படுத்தினால் அந்த ஒருநாள் காணாமற்போகும்.

எழுத்துகளைத் தனித்தனியே வெட்டி ஒட்டும் முறையும் உண்டு. அதற்குச் செலவு குறைவு. ஆனால் தமிழுக்கு அதில் ஓர் இடர் இருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது; அதைப் பிடித்திருக்கும் பசையும் சிறிதே. ஆகவே மழைக்கும் துடைக்கும் துணிக்கும் முதலில் இரையாவது புள்ளிதான். ‘பால்’ என்று ஒட்டிய வண்டி, சில மாதங்களில் ‘பால’ என்று ஓடும். மலையாளத்தில் மீன் என்னும் சொல்லின் ஈற்றெழுத்து புள்ளியின்றி ஒரே வடிவாக எழுதப்படும். அது அப்படியே நிற்கும். ஒரே வண்டியில் மலையாள மீன் முழுதாகவும் தமிழ் மீன் ‘மீன’வாகவும் நிற்பது நம் மொழியின் குற்றமன்று. புள்ளியைப் பெரிதாக வெட்டச் சொல்லலாம். அல்லது சொல் முழுவதையும் ஒரே தாளில் அச்சிடலாம்.

சட்டத்தையும் கருத வேண்டும். வண்டியின் நிறம் பதிவுச் சான்றில் குறிக்கப்பட்டுள்ளது. நிறமே மாறும்படி முழுதும் ஒட்டினால் அம்மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். சரக்கு வாகனங்களில் முன்புறம் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்புறம் சிவப்பு என ஒளி திருப்பும் பட்டைகள் உண்டு. எவ்வளவு அழகிய படமானாலும் அவற்றை மறைக்கக் கூடாது. இரவில் எதிரே வருபவர் வண்டியை அறிவது அவற்றால்தான். 2022 அக்டோபர் 5 அன்று பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே சுற்றுலாப் பேருந்து ஒன்று அரசுப் பேருந்தின் பின்புறம் மோதி 9 பேர் உயிரிழந்தனர். அதன்பின் சுற்றுலாப் பேருந்துகள் வெள்ளை நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்னும் விதியைக் கேரளம் கடுமையாக நடைமுறைப்படுத்தியது. பெரும்பொருள் செலவிட்டு வண்ணப் படங்கள் அமைத்திருந்தவர்கள் அவற்றை நீக்க வேண்டியதாயிற்று. எளிதில் உரியும் தாளா, உரியாத தாளா என்னும் கேள்வி இத்தகைய வேளையில் மிகப் பெரிதாகிவிடும்.

ஆகையால் பணம் கொடுக்குமுன் பட்டியலில் சதுர அடியும் தொகையும் மட்டும் எழுதி வாங்குதல் போதாது. தாளின் வகை, மேற்பூச்சுத் தாள் உண்டா இல்லையா, எத்தனை ஆண்டுக்கு உறுதி, பழையதை உரிக்கும் கூலி யாருடையது என்பனவும் அதே தாளில் இடம்பெற வேண்டும். வெட்டி எஞ்சிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, கதவின் உட்புறம் ஆணித் தலை உள்ள இடத்தில் ஒட்டி ஒரு வாரம் விட்டுப் பார்ப்போரும் உண்டு. ஆணியைச் சுற்றித் தாள் கூடாரம்போல எழும்பினால், அந்தத் தாள் அந்த வண்டிக்கு உரியதன்று.